கொரேரா வீட்டுப் பனி

கத்திரி வெயில் தொடங்கிய இரண்டாம் நாள் பிற்பகல் மூன்றரை மணிக்குத் தூத்துக்குடி உப்புக்கிட்டங்கித் தெருவில் பனி பெய்தது. பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கிற பனி அல்ல. திரையில் மட்டும் நாங்கள் பார்த்திருந்த, பஞ்சுபோல் மிதந்து வந்து தோளில் உட்கார்ந்து, உட்கார்ந்த இடத்தைச் சில்லிடச் செய்துவிட்டு நீராகிப் போகிற பனி. தெருவின் கீழ்முனையில் உப்பு மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் தொடங்கி மேல்முனையில் இருக்கும் அடிகுழாய் வரைக்கும் அது பெய்தது, அடிகுழாயைத் தாண்டி ஓர் அடி வைத்தால் வழக்கமான வெயில் வழக்கம்போல் மண்டையைப் பிளந்தது. மீன் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்த மிக்கேலம்மாதான் முதலில் அதைப் பார்த்தாள். "எவ அவ, மெத்தையைப் பிரிச்சுத் தெருவுல கொட்டுதது?" என்று மேலே பார்த்துச் சத்தம் போட்டாள், வாயில் விழுந்ததைச் சுவைத்தாள், சட்டியை இறக்கி வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டாள்.

முன்பனி, பின்பனி என்று ஆண்டில் மூன்றில் ஒரு பங்கைப் பனிக்கு எழுதிக் கொடுத்த மொழியைப் பேசுகிறவர்கள் நாம். இந்தப் பனியை அந்த இரண்டில் எதில் சேர்ப்பது என்று நான் நூலகத்தில் உட்கார்ந்து அரை நாள் யோசித்தேன். தெருவில் யாரும் அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. பனிமய மாதா கோயில் இருக்கிற ஊரில் பெய்யாமல் பனி வேறெங்கே போய்ப் பெய்யும் என்றாள் மிக்கேலம்மா. இத்தனை தலைமுறையாகப் பார்க்காத பனிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தோம், சரக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது, கப்பலில் போட்டிருப்பார்கள், தாமதம் ஆகத்தான் செய்யும் என்றார் கிட்டங்கி முதலாளி தங்கப்பழம் அண்ணாச்சி, அவர் மாதாவைக் கும்பிடுகிற வீட்டில் பிறந்தவர் இல்லை என்றாலும். பாதிரியாரான பங்குச் சாமி மட்டும் அவசரப்படவில்லை. குடை பிடித்துக்கொண்டு வந்து தெருவைப் பார்த்துவிட்டு, பொறுத்திருந்து பார்ப்போம் என்று சொல்லிப் போனார்.

அந்தப் பனி என்னால் பெய்தது என்று தெரிய வந்தபோது தெருவார் எனக்குச் சால்வை போட்டார்கள். அது ஏன் பெய்தது என்று தெரிய வந்தபோது அந்தச் சால்வையை எந்த அலமாரியில் ஒளிப்பது என்று தெரியாமல் நின்றேன். இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் குற்றாலிங்கம். கிளை நூலகத்தில் நூலகர். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றின் ஞாயிறு இணைப்பில், கையில் பிடித்து ஆடும் விளையாட்டுக் கருவிகளைப் பற்றி வாரம் ஒரு பத்தி எழுதிவந்தேன். எந்தக் கருவியின் திரை எத்தனை புள்ளிகளால் ஆனது, விநாடிக்கு எத்தனை படம் ஓடுகிறது, நிழல் விழ வேண்டிய இடத்தில் விழுகிறதா, தண்ணீருக்குள் கல் எறிந்தால் நிலா உடைகிறதா என்றெல்லாம் விரிவாக எழுதுவேன். வரைகலை என்ற சொல் ஒரே பத்தியில் பதினொரு முறை வந்திருக்கிறது, நானே எண்ணியிருக்கிறேன். ஆடுவதற்கு எப்படி இருக்கிறது என்ற கேள்விக்குக் கடைசியில் ஒரு வரி இருக்கும்: ஆட்டமும் சுவையானதே. அந்த வரியை எல்லாக் கருவிகளுக்கும் எழுதினேன், ஏனென்றால் எந்தக் கருவியிலும் முதல் பத்து நிமிடத்தை நான் தாண்டியதில்லை. எனக்கு ஆட வராது. பள்ளிக்கூடத்தில் கோலியும் வரவில்லை. ஆடத் தெரியாதவன் ஆட்டத்தைப் பற்றி எழுதக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் பத்திரிகைகள் எல்லாம் பாதித் தாளில் வந்திருக்கும்.

லூர்து கொரேரா ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். இரண்டு கையிலும் இரண்டு லிவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு வீட்டளவு இருக்கும் இரும்புப் பெட்டியை ஆகாயத்தில் தூக்கி, முட்டையை வைப்பதுபோல் கப்பலில் வைப்பான். அதைப் பார்ப்பதற்காகவே நான் சாப்பாட்டு வேளையில் சைக்கிளை மிதித்துப் போயிருக்கிறேன். போன வருஷம் கப்பலைக் கட்டும் வடம் அறுந்து வீசியதில் அவன் இடுப்பெலும்பு நொறுங்கியது, இடது கை தோளிலிருந்து கீழே உணர்வில்லாமல் போனது. அதிலிருந்து படுக்கைதான். அவன் மனைவி சலேத் காலை எட்டு மணிக்கு வலைக் கம்பெனிக்குப் போனால் மாலை ஐந்துக்குத்தான் திரும்புவாள். அந்த ஒன்பது மணி நேரமும் கொரேராவுக்குத் துணை ஒரு மின்விசிறியும் ஒரு பல்லியும்.

"ஏல குத்தாலம், பேப்பர்ல பெரிய இவனாட்டம் எழுதுதியே, எனக்கு ஒண்ணு நல்லதாப் பாத்து வாங்கிக் கொண்டால. பல்லிக்கு என்னைப் பாத்துப் பாத்துச் சலிச்சுப் போச்சு" என்றான்.

கருவிகள் வாங்க ஊரில் ஒரே நம்பிக்கையான இடம் ஜொகராவின் கடை. காயல்பட்டினத்திலிருந்து வந்து பஜாரில் தனியாளாகக் கடை நடத்துகிற அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவர் மேசைக்கு முன்னால் நின்றபடியே ஓர் உயிர் ஆட வேண்டும். ஆட்டத்தில் ஒருமுறை செத்த பிறகுதான் பெட்டியை மூடிக் கொடுப்பாள். வேறொருவருக்காக வாங்குகிறவர் என்றால் அந்த வேறொருவரின் கைகளை ஒரு தாளில் வைத்து, சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்துக் கொண்டுவர வேண்டும். தாள் இல்லாமல் வந்தவர்களை, அவர்கள் பெரிய அதிகாரியாக இருந்தாலும், திருப்பி அனுப்பியிருக்கிறாள். என்னைத் திருப்பி அனுப்பவில்லை, நான் பத்தி எழுதுகிறவன் என்பதால். அந்தச் சலுகையை நான் மறுக்கவும் இல்லை. அங்கேயே ஒரு தாளை வாங்கி, கொரேராவின் கைகளை நினைவிலிருந்து வரைந்தேன். நினைவில் அவன் கிரேனில்தான் உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளை வரைந்தேன்.

"ரெண்டு கையும் நல்லா ஓடுமா சார்?" என்றாள் ஜொகரா.

"கிரேன் ஓட்டினவன்மா" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் அந்த வாக்கியத்தின் கெட்ட குணம்.

மேசைமேல் அவள் இரண்டு கருவிகளை வைத்தாள். ஒன்று பெரியது, ஒரு கையகலப் புத்தகம் அளவு திரை, திரைக்கு இரு பக்கமும் பிடி. மற்றது சோப்புக்கட்டி அளவு. அதில் மனிதன் என்பது நான்கு சதுரம், ஓநாய் என்பதும் நான்கு சதுரம், வாலுக்கு ஒன்று கூடுதல். "படுத்துக்கிட்டு ஆடுறவங்கன்னு சொல்றீங்க, அப்ப சின்னதுதான் சார் சரி. ஒரு பெருவிரல் போதும். பார்க்க ஒண்ணும் இல்ல, ஆனா கையில எடுத்தா கீழ வைக்க விடாது" என்றாள். பல்லியைப் பார்த்துக் கிடக்கிறவனுக்கு நான்கு சதுரத்தையா கொண்டுபோய்க் காட்டுவது என்று நான் அவளுக்குக் கண்ணின் பசியைப் பற்றிப் பத்து நிமிடம் விளக்கினேன். ஓர் உயிர் ஆடிப் பாருங்கள் என்று அவள் பெரியதை நீட்டியபோது, நமக்கெதற்கம்மா என்று சிரித்துவிட்டுப் பெட்டியை மூடச் சொன்னேன்.

பெரிய கருவிக்குள் இருந்த ஆட்டம், சிவப்புப் போர்வை போர்த்திய ஒருவன் பனிமலை ஒன்றின் அடிவாரத்தில் நிற்பதில் தொடங்குகிறது. பனி பெய்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு மாதிரி சுழன்று இறங்கும். அவன் மூச்சு புகையாக வரும். ஆட்டக்காரன் ஏதாவது செய்யும்வரை அவன் அப்படியே நிற்பான். நான் அதைக் கொரேராவின் மார்பில் சாய்த்து வைத்து, ஒவ்வொரு துகளாக விளக்கினேன். அவன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அழகா இருக்குல" என்றான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பத்தியில், மலைக்கு அப்பால் காத்திருக்கும் அதிசயங்களுக்காகவே இக்கருவியை வாங்கலாம் என்று எழுதினேன். மலைக்கு அப்பால் நான் போனதில்லை.

அது நடந்த நாற்பத்தொன்றாம் நாள்தான் தெருவில் பனி பெய்தது.

ஒரு வாரத்தில் பனி தெருவுக்குப் பழகிவிட்டது, தெரு பனிக்குப் பழகிவிட்டது. பெண்கள் வடகம் காயப்போட அடிகுழாய்க்கு அந்தப் பக்கம் போனார்கள், மோர் குளிர வைக்க இந்தப் பக்கம் வந்தார்கள். கோலம் போடுவதற்கு வெள்ளைத் தரையில் வெள்ளைப் பொடி தெரியாது என்று மஞ்சள் பொடியும் செங்கல் பொடியும் புழக்கத்துக்கு வந்தன. மிக்கேலம்மா ஐஸ் கம்பெனியிலிருந்து கட்டி வாங்குவதை நிறுத்திவிட்டு, மீன் பெட்டியைத் தெருவில் திறந்து வைத்து நிறைந்ததும் மூடினாள்; நம்ம தெருப் பனியில் போட்ட சீலா மீன் மூன்று நாளைக்கு முழித்துக்கொண்டே கிடக்கும் என்று ஏலக்கூடத்தில் பெருமை பேசினாள். கிட்டங்கியில் உப்பு எது, பனி எது என்று தெரியாமல் ஆட்கள் இரண்டையும் சேர்த்து மூட்டை கட்ட, அனுப்பிய மூட்டைகள் போகிற வழியிலேயே இளைத்துப்போய், தங்கப்பழம் அண்ணாச்சி முதலில் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அப்புறம் மூட்டையில் மலைப்படம் ஒன்றை அச்சடித்துப் பனி உப்பு என்று பெயரிட்டதும் வடக்கேயிருந்து கேட்டு ஆள் வந்தது. கல்யாணம் ஆகாதிருந்த இரண்டு பேருக்கு, தெருப்பெயரைச் சொன்னதற்காகவே வரன் அமைந்தது. கம்பளிச் சட்டை விற்கிறவர்கள் வந்தார்கள். அடிகுழாய் அருகே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறவர்களும் இருந்தார்கள். அவர்கள் கால் விறைத்துத் திரும்பி ஓடுவதைப் பார்க்க ஒரு கூட்டம் தனியாக நின்றது.

காரணம் தெரிந்தது மிக்சியால். ஒரு ஞாயிற்றுக்கிழமை சலேத் சட்னி அரைக்க வேண்டி, கொரேராவின் கருவி சார்ஜில் கிடந்த பிளக்கைப் பிடுங்கினாள், நாள் முழுக்க ஓடியே பேட்டரி செத்துப்போயிருந்த கருவி அணைந்தது, தெருவில் பனி நின்றது. சட்னி அரைத்து முடித்து மறுபடி செருகினாள், பெய்தது. ஜன்னலுக்கு வெளியே பெட்டி நிறையக் காத்திருந்த மிக்கேலம்மா இதைக் கவனித்து, சலேத்தை மூன்று முறை பிடுங்கச் சொல்லி, மூன்று முறை செருகச் சொல்லி, மேலே பார்த்து மேலே பார்த்து உறுதி செய்துகொண்டாள். அதனால் மாதாவின் மகிமை குறைந்ததாகத் தெருவில் யாரும் நினைக்கவில்லை. மாதா எதன் வழியாகத்தான் அனுப்ப மாட்டாள் என்றார்கள். அன்று மாலையே மின்வாரிய லைன்மேன் கொரேரா வீட்டுக்குத் தனி இணைப்பு இழுத்தார். தங்கப்பழம் அண்ணாச்சி இன்வெர்ட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கருவியை எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது என்று முடிவாயிற்று. கொரேரா சரி என்றான். அவன் எதற்கும் சரி என்கிறவன்.

அப்போதுதான் எனக்குச் சால்வை. ஊரில் எத்தனையோ பேர் கையில் எத்தனையோ கருவி இருக்க இந்தக் கருவியிலிருந்து மட்டும் ஏன் பனி வெளியே வந்தது என்று தெருக்கூட்டத்தில் கேட்டார்கள். நான் எழுந்து, வரைகலை அவ்வளவு துல்லியமானது, துல்லியத்துக்கும் உண்மைக்கும் நடுவில் இருக்கும் சுவர் மெல்லியது, அது இங்கே உடைந்திருக்கிறது என்று அரை மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். தேர்ந்தெடுத்த கை என்று என் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். வருகிறவர்கள் கொரேராவின் படுக்கையருகே போய் நன்றி சொல்லிவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தார்கள். சிவப்புப் போர்வைக்காரர் சூசையப்பரா என்று ஒரு பெண் கேட்டாள். யாரோ கருவிக்கு முல்லைச்சரம் சுற்றினார்கள். எத்தனையோ பேர் பார்த்தும் அந்த ஆள் ஏன் நின்ற இடத்திலேயே நிற்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆடி மாதம், திருவிழாவுக்குக் கொடியேற ஒரு வாரம் இருந்தது. பனி பெய்யும் தெருவைப் பார்க்க இந்த வருஷம் எங்கெங்கிருந்தோ ஆள் வரும் என்றும், அவர்களுக்கு விளக்கம் சொல்ல நான் தெருமுனையில் மேடையில் பேச வேண்டும் என்றும் ஏற்பாடு. அந்தப் பேச்சைப் படித்துக் காட்டத்தான் கொரேராவிடம் போனேன். கேட்டு முடித்துவிட்டு அவன் கொஞ்சம் தயங்கினான்.

"ஏல, ஒண்ணு கேக்கட்டா? பேப்பர்ல எழுதியிருந்தியே, அந்த மலைக்குப் பின்னால என்னமோ இருக்குன்னு. என்னதுல இருக்கு?"

"நீ இன்னும் அங்க போகலையா?"

"எங்கிட்டுப் போக?" என்றான், சிரித்தபடி. "இந்தப் பக்கம் இருக்க குச்சியைத் தள்ளிக்கிட்டே அந்தப் பக்கம் பொத்தானை அமுக்குனாத்தான் அவன் காலைத் தூக்குவான் போல. நானும் வாயால, தாடையால எல்லாம் பாத்துட்டேன்."

தலையணைமேல் அவன் இடது கை கிடந்தது. தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல் சலேத் தினமும் காலையில் அதைக் கிடத்திவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். வாரம் மூன்று முறை நான் வந்துபோகிற வீடு. கருவி கொடுத்து ஏறக்குறைய நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்தக் கையை அன்றுதான் பார்த்தேன்.

தெருவில் பனி பெய்துகொண்டிருந்தது, ஜன்னலில் ஒட்டியது, எனக்கு வியர்த்தது. சுவரும் துல்லியமும் ஒன்றும் இல்லை. முதல் அடி எடுத்து வைக்க முடியாத ஒருவன் அத்தனை நாளாக அத்தனை மணி நேரமும் அந்தப் பனியையே பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறான், போக இடமில்லாத பனி ஜன்னல் வழியாகத் தெருவுக்கு வந்திருக்கிறது.

"ஏன்ல சொல்லல?"

"எவ்வளவு ஆசையாக் கொண்டாந்த. சொன்னா உன் மூஞ்சி சுருங்கிரும்லா."

"சலேத்துகிட்டயாவது..."

"அவளுக்கு என் வேலைக்கே ரெண்டு கை பத்தல. விளையாட்டுக்குமா கையைக் கேக்க?" என்றான். "அதை விடு. மலைக்குப் பின்னால என்ன? சொல்லு."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் ஒரு பள்ளத்தாக்கைச் சொன்னேன். அதில் ஓர் ஆறு, விளக்கு எரிகிற ஓர் ஊர், ஊரில் இசைக்கருவி வாசிக்கிறவர்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவன் கண்ணை மூடிக் கேட்டான். "கடல் இல்லையா?" என்றான். உண்டு என்றேன். பிறகு, என் வாழ்நாளில் நான் சொன்னவற்றில் எதைத் திரும்பப் பெற முடிந்தாலும் இதைத்தான் பெறுவேன், "திருவிழா முடியட்டும், ஒரு வழி பண்ணலாம். இப்ப அவன் நகர்ந்தா பனி நின்னுரும்" என்றேன்.

"சரில" என்றான் கொரேரா.

கொடியேறியது. தெரு நிரம்பியது. மேடையில் நான் தினமும் பேசினேன். கூட்டத்தில் யார் கையைத் தூக்கினாலும் அது இடது கையாகவே தெரிந்தது. ஐந்தாம் நாள் பேச்சைப் பாதியில் விட்டு இறங்கி, ஜொகராவின் கடைக்குப் போனேன்.

அவள் பில்களோடு குத்தி வைத்திருந்த தாளை எடுத்து மேசையில் விரித்தாள். "கொரேரா அண்ணன் வீட்டுக்கு நானும் பனி பார்க்கப் போயிருந்தேன் சார். இது யார் கை?"

"நான் நினைவுல இருந்து வரைஞ்ச கை."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சின்னக் கருவியை எடுத்து என் முன்னால் வைத்து, "ஆடுங்க" என்றாள். கடையில் நான்கைந்து பேர் நின்றார்கள். நான்கு சதுர மனிதனை நான்கு விநாடி ஓட்டினேன், ஐந்து சதுர ஓநாய் தின்றது. "இப்ப எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

சலேத் வேலை முடிந்து வாசலுக்கு வந்தபோது உள்ளே கொரேரா கெட்ட வார்த்தையில் கத்திக்கொண்டிருந்தான். சாப்பாட்டுத் தூக்கோடு அவள் அப்படியே நின்றுவிட்டாள். சின்னக் கருவி அவனை ஒன்பதாவது முறையாகக் கொன்றிருந்தது. "எலே, வாலைப் பாத்தா வந்த பக்கம்தான் திரும்புவான்னு நினைச்சேன், ஏமாத்திட்டான்ல!" என்று அவன் சிரித்தான். அந்த வீட்டில் விபத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். மற்றதெல்லாம் எனக்காகச் சிரித்தது என்று இதைக் கேட்டபோதுதான் தெரிந்தது.

எல்லாம் தீர்ந்தது என்று எழுந்தேன். அவன் சின்னதை வயிற்றின்மேல் வைத்துவிட்டு, முல்லைச்சரம் காய்ந்து தொங்கிய பெரியதைப் பார்த்தான்.

"இது நல்லாத்தான் இருக்கு குத்தாலம். ஆனா அந்த ஆளு நாலு மாசமா குளிர்ல நிக்கான்லா. அவனை அப்படியே விட்டுட்டு நான் இங்கன விளையாடுனா நல்லாவா இருக்கும்?"

தெருவில் பாட்டுச் சத்தம் கேட்டது. திருவிழா முடிய இன்னும் ஆறு நாள் இருந்தது. மேடையில் என் நாற்காலி காலியாக இருந்தது. சலேத் தூக்கை இறக்கி வைத்தாள். கட்டிலுக்கு வந்து, கணவனின் இடது கையை இரண்டு கைகளாலும் தூக்கி அவன் மார்பில் வைத்து, அது கிடந்த இடத்தை ஒருமுறை தட்டினாள்.

"இப்படி உக்காருங்கண்ணே" என்றாள்.

உட்கார்ந்தேன். கருவியின் இடது பிடியை என் இடது கை பிடித்தது, வலது பிடியை அவன் வலது கை பிடித்தது. நான் குச்சியைத் தள்ளும்போது அவன் அழுத்தவில்லை, அவன் அழுத்தும்போது நான் தள்ளவில்லை. "கிரேன் மாதிரில. ரெண்டு கையும் ஒரே மூச்சுல போகணும். நான் மூச்சு விடும்போது தள்ளு" என்றான். அவன் மூச்சைக் கேட்டேன். ஏழாவது முறை சிவப்புப் போர்வைக்காரன் காலைத் தூக்கினான், பனியில் பதிந்திருந்த இரண்டு குழிகளையும் விட்டு வெளியே வந்தான், நடந்தான்.

தெருவில் பாட்டு நின்றது.

அவனை மலையேற்றி அந்தப் பக்கம் இறக்கினோம். அங்கே ஒன்றுமே இல்லை. செய்தவர்கள் இருந்த திறமையையெல்லாம் முதல் காட்சியிலேயே செலவழித்திருந்தார்கள். மலைக்குப் பின்னால் காவி நிறத்தில் வெறுந்தரை, அட்டையை வெட்டி நட்டதுபோல் மரங்கள், நிழல் விழ வேண்டிய இடங்களில் நிழல் இல்லை.

"கடல் இருக்குன்ன?" என்றான் கொரேரா.

"பொய்ல."

"ஆறு?"

"அதுவும்."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுத்து முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தான். "சரி, குச்சியை விட்டுறாத. அந்த மரத்துக்குப் பின்னால என்னமோ அசையுது" என்றான்.

அதற்குள் வாசலில் கூட்டம். மிக்கேலம்மா முன்னால் நின்றாள், பாதி நிறைந்த பெட்டியோடு. தங்கப்பழம் அண்ணாச்சி இன்வெர்ட்டரைத் தொட்டுப் பார்க்க உள்ளே எட்டினார். கரண்டு இருக்கிறது, கருவி எரிகிறது, பனி எங்கே, இத்தனை ஆள் வந்து நிற்கிற நேரத்தில் யார் என்ன செய்தது என்று எல்லோரும் ஒன்றாகக் கேட்டார்கள். சலேத் என்னைப் பார்த்தாள். நான் வாசலுக்குப் போனேன்.

மேடையில் அரை மணி நேரம் பேசுகிறவனுக்கு அன்று ஐந்தாறு வாக்கியங்கள்தான் வந்தன. நான்தான் நிறுத்தினேன் என்றேன். ஆடிப் பார்க்காமல் தேர்ந்தெடுத்தேன் என்றேன். அவனுக்கு ஒரு கைதான் என்பதை மறந்துபோய் இரண்டு கை வேண்டிய கருவியை வாங்கினேன், அவன் நான்கு மாதமாக ஓர் அடிகூட வைக்க முடியாமல் கிடந்தான், அதுதான் உங்கள் தெருவில் பெய்தது, அது தெரிந்த பிறகும் மேடைக்காகப் பொறுக்கச் சொன்னேன் என்றேன்.

கல் விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். மிக்கேலம்மா பெட்டியைக் கீழே வைத்தாள். "அப்ப இத்தனை நாளா அந்தத் தம்பி சும்மா பாத்துக்கிட்டா கிடந்துச்சு?" என்றாள். இன்வெர்ட்டரின் மேலிருந்த கையை அண்ணாச்சி எடுத்துவிட்டார். முல்லைச்சரம் சுற்றியது யாரோ, அவர் கூட்டத்தில் பின்னுக்கு நகர்ந்தார். என் வெட்கம் என்னோடு நிற்காமல் தெருவுக்கும் பங்கு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பங்கு போனதால் என்னிடம் ஒரு துளியும் குறையவில்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏல இடது கை! எங்க போய்த் தொலைஞ்ச? ஓநாய் வருது!"

ஓடினேன். போய்ச் சேர்வதற்குள், மரத்துக்குப் பின்னாலிருந்த ஓநாய் வேலையை முடித்துவிட்டது. அந்த ஆட்டத்தில் செத்தால் மறுபடி அடிவாரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். போர்வைக்காரன் பழைய இடத்தில் வந்து நின்றான். தெருவில் பனி பெய்தது. நாங்கள் மூச்சைச் சேர்த்து அவனைக் கிளப்பினோம், பனி நின்றது. மரத்தருகே நான் குச்சியை எதிர்ப்பக்கம் தள்ளினேன், அவன் செத்தான், பனி பெய்தது. வாசலில் நின்றவர்கள் ஒருமுறை மேலே பார்த்தார்கள், ஒருமுறை ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்கள். புரிந்துகொள்ள அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

இப்போது நான் பத்தி எழுதுவதில்லை. நூலகத்துக்கு மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு விடுமுறை, மாலை ஐந்தரைக்குப் பூட்டுவேன். இரண்டு வேளையும் கொரேரா வீட்டில் கட்டிலின் இடது ஓரம். மற்ற நேரத்தில் அவன் சோப்புக்கட்டியில் ஆடுகிறான், அதில் அவனை வெல்ல ஜொகராவின் கடையிலேயே ஆள் இல்லை என்கிறாள். திருவிழாவுக்கு வந்தவர்கள் திரும்பிப் போனார்கள், கம்பளிக்காரர்கள் போனார்கள், மலைப்படம் போட்ட மூட்டைகளை அண்ணாச்சி திருப்பிப் போட்டுத் தைக்கிறார். ஆனால் தெருவில் பனி அடியோடு நின்றுவிடவில்லை. ஒரு நாளைக்கு நாலைந்து முறை, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், இரண்டு நிமிடம் பெய்கிறது. வலது கையால் தவறு நடந்து அது பெய்ததாக இதுவரை வரலாறு இல்லை. "சார் தப்பா அமுக்கிட்டாரு, பெட்டியைத் திற" என்று மிக்கேலம்மா தெருவில் சத்தம் கொடுப்பது உள்ளே எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். வேலை முடிந்து நான் ஈரத்தெருவில் நடந்து போகும்போது எல்லோரும் மரியாதையாக ஒதுங்கி வழிவிடுகிறார்கள், யாரும் ஒன்றும் கேட்பதில்லை, எத்தனை முறை என்று எல்லோருக்கும் தெரியும்.

நேற்று ஆறு முறை பெய்தது. ஆறாவது முறை பெய்து அடங்கியதும் ஜன்னலில் மிக்கேலம்மாவின் தலை தெரிந்தது.

"சார், இன்னைக்கு நெத்திலி கொஞ்சம் கூடுதல். இன்னும் ஒரே ஒரு தடவை தப்பு பண்ணிக் குடுங்களேன்" என்றாள்.

"நீங்க கேக்கவே வேண்டாம்க்கா" என்றான் கொரேரா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பண்ணிருவான்."